உள்தாழ்ப்பாள்

தாழ்ப்பாள் இழுபடும் சத்தம் கேட்டது. கரகரவென்று பாதிவரை வந்து, ஒரு நொடி தயங்கி, அப்புறம் டக்கென்று போய் உட்கார்ந்தது. அதோடு ஜெனிட்டா காதைத் தீட்டிக்கொண்டாள். இனி ஆவுடையக்கா குளித்து வெளியே வருகிறவரை காது அந்தக் கதவில்தான். மாடியில் கடைசி அறை, அந்த அறைக்குள் குளியலறைக் கதவு, கதவுக்கு இந்தப் பக்கம் அவள். காலையில் இதுதான் முதல் வேலை. வேலை என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். சும்மா நிற்பதுதானே. ஆனால் இந்த முதியோர் இல்லத்தில் மலம் அள்ளுவதும் படுக்கைப்புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுவதும் இந்தச் சும்மா நிற்பதைப் போல அவளை ஆட்டிவைத்ததில்லை. கூப்பிடக் கூடாது. கதவைத் தட்டக் கூடாது. “முடிஞ்சுதா” என்று கேட்கவே கூடாது. எல்லாம் அக்கா போட்ட சட்டம், அவள் தலையாட்டிய சட்டம். குழாய் திறந்தது. வாளியின் அடியில் தண்ணீர் விழும் சத்தம் முதலில் தகரக் கொட்டுபோல, பிறகு நிறைய நிறைய மெத்தென்று. அந்தச் சத்தம் இருக்கும்வரை மூச்சு விடலாம். தண்ணீர் பிடிப்பவள் உயிரோடு இருக்கிறாள். மக் வாளிக்குள் முங்குகிறது, தண்ணீர் உடம்பில் விழுகிறது, அதுவும் நல்ல சத்தம்தான். இடையில் வரும் மௌனம்தான் ஆகாது. இன்றைக்கு வெள்ளிக்கிழமை வேறு. எண்ணெய் தேய்த்துக் குளிப்பேன் என்று ஒரே பிடிவாதம். கிண்ணத்தில் நல்லெண்ணெயை எடுத்துக்கொண்டு உள்ளே போனபோது ஜெனிட்டா வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். “என்னளா பாக்கே, எண்ணெய்தானே, விஷமா?” என்றாள் அக்கா. எண்ணெய் விஷமில்லை, அக்கா. எண்ணெய் தரையில் சொட்டும். தரையில் சொட்டிய எண்ணெய்மேல் தண்ணீர் விழும். அதன்மேல் உங்கள் கால் விழும். இதை எப்படிச் சொல்வது? சொன்னால் குழந்தைக்குச் சொல்வதுபோல் ஆகிவிடும். ரப்பர் விரிப்பு விரித்திருக்கிறதே, சுவரில் கம்பி இருக்கிறதே, முக்காலி இருக்கிறதே என்று அவள் தனக்குள்ளேயே ஒவ்வொன்றாய்ச் சொல்லிப் பார்த்தாள். ஜெபமாலை உருட்டுவது மாதிரி, விரிப்பு, கம்பி, முக்காலி, விரிப்பு, கம்பி, முக்காலி.

பயம் அவளுக்குப் புதிதல்ல, பிள்ளை பிறந்ததிலிருந்து ஒரு நாள்கூட அது லீவு போட்டதில்லை. அதற்கு முன்னால் அவள் பயந்தவளா என்று யோசித்தால் சரியாக ஞாபகமில்லை. பரீட்சைக்குப் பயந்திருக்கிறாள், பல்லிக்குப் பயந்திருக்கிறாள். மகன் ஜோவின் பிறந்த அன்று ராத்திரி, தொட்டிலில் கிடந்த அந்தச் சின்ன வயிறு ஏறவில்லையோ, இறங்கவில்லையோ என்று பார்க்க ஆரம்பித்தவள், அவனுக்கு ஒரு வயது தாண்டியும் பார்ப்பதை நிறுத்தவில்லை. மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சுச் சூடு படுகிறதா என்று பார்ப்பாள். பட்டால் அப்பாடா. அந்த அப்பாடா தீருவதற்குள் மறுபடி சந்தேகம் வரும். இங்கே வேலைக்கு வந்த பிறகு விரலுக்கு அதே பழக்கமாகிவிட்டது. மத்தியானம் தூங்குகிறவர்களின் மூக்கின் கீழ் எல்லாம் விரலை வைத்துப் பார்ப்பாள். ஒருநாள் அப்படி வைத்தபோது ஆவுடையக்கா கண்ணைத் திறக்காமலே, “இன்னும் சாகலைட்டி, போய் வேலையப் பாரு” என்றாள். அதற்குப் பக்கத்து அறையிலிருந்து பேச்சியம்மாள் சிரித்த சிரிப்பு கீழே சமையல்கட்டு வரைக்கும் கேட்டது. பேச்சியம்மாள் மாடியில் இவளோடு வேலை செய்கிறவள், பெரிய குரல், பெரிய கை, யாரையும் தூக்கி உட்கார வைத்துவிடுவாள், கேட்காமலே. அதுதான் பேச்சி. கேட்காமலே தூக்குவாள், கேட்காமலே ஊட்டுவாள், கேட்காமலே நைட்டியை உருவிவிடுவாள், அதில் கெட்ட எண்ணம் ஒரு துளி கிடையாது. “கேட்டுக்கிட்டு நின்னா பொழுது விடிஞ்சிரும்ளா” என்பாள். அவள் சொல்வதும் நியாயம்தான். கீழும் மேலுமாக இத்தனை பேர், இருக்கிற கைகள் எத்தனை? இல்லத்தில் பயிற்சி கொடுக்க ஒருதரம் சென்னையிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தாள். வெள்ளைப் பலகையில் டிக்னிட்டி, கண்ணியம் என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டாள். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் பலகையைத் திருப்பிப் போட்டு டயப்பர் மாற்றுகிற முறையைச் சொல்லிக்கொடுத்தாள். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

மக் வாளியில் முங்கியது. ஒன்று. விழுந்தது. நல்லது. எண்ணெயைத் தேய்த்து ஊறவிட்டுத் தலையில் ஊற்ற ஆரம்பித்துவிட்டாள் போலிருக்கிறது. சீயக்காய் வாசனை கதவின் அடியிடுக்கு வழியாக வந்தது. உள்ளே வெந்நீரின் ஆவி. ஆவியில் மூச்சுத் திணறுமோ? அப்படியெல்லாம் இல்லை. ரத்த அழுத்தம் இறங்கினால்? வெந்நீரில் ரத்த அழுத்தம் இறங்கும், எஸ்தரம்மாவுக்கு அப்படித்தான் இறங்கியது என்று டாக்டர் சொன்னார். இல்லை, எஸ்தரம்மாவை நினைக்கக் கூடாது. நினைக்கக் கூடாது என்று நினைத்ததும் எஸ்தரம்மா வந்து நின்றுவிட்டாள். ஜெனிட்டா அவளைப் பார்த்ததுகூட இல்லை. இவள் இங்கே வேலைக்குச் சேருவதற்கு முன்னால் நடந்தது அது. பார்க்காததால்தான் இன்னும் மோசம். பேச்சியம்மாள் சொன்னதிலிருந்து அவளாகவே ஒவ்வொன்றாக வரைந்து வைத்திருக்கிறாள். குளிக்கப் போன எஸ்தரம்மா உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உள்ளே விழுந்து கிடந்ததும், தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுக் கடப்பாரையால் கதவை நெம்பியதும், நெம்பி முடித்தபோது ஒன்றும் மிச்சமில்லாமல் போனதும். அதைவிட, அவளைத் தூக்கி வந்த விதம். ஒரு ஈரத் துண்டு, அதுவும் பாதி வழியில் நழுவிவிட்டது. டிரைவர், வாட்ச்மேன், பால் ஊற்ற வந்த ஆள் எல்லாரும் கைகொடுத்தார்கள், உதவிதான் செய்தார்கள், பாவம், யாரும் வேண்டுமென்று பார்க்கவில்லை. ஆனால் வராந்தாவின் இரண்டு பக்கமும் கதவுகள் திறந்திருந்தன. ஒவ்வொரு கதவிலும் ஒரு முகம். கடைசிக் கதவில் ஆவுடையக்கா. மறுநாளே இல்லத்தின் மேனேஜர் எட்வின் சார் ஆளை வரச்சொல்லி எல்லாக் குளியலறையிலும் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்துவிட்டு வந்தவர். திருகாணி இருந்த துளைகளில் மரத்தூள் பசை வைத்து அடைத்தார்கள். அதற்குப் பிறகு யார் குளித்தாலும் கதவு சும்மா சாத்தியிருக்கும். இடையில் இரண்டு தரம் ஒரு தலை உள்ளே நீளும். “பாட்டி, ஆச்சா?” அக்கா குளிப்பதை நிறுத்திவிட்டாள். ஈரத் துணியால் நைட்டிக்குள் கைவிட்டுத் துடைத்துக்கொள்வாள், அவ்வளவுதான். நாள் போகப் போக நாற்றம் எடுத்தது. பேச்சி மூக்கைப் பொத்திக்கொண்டு, “பாட்டி, வாங்க, நான் தேச்சு விடுதேன், நான் என்ன ஆம்பளையா” என்றாள். “மொதல்ல நான் யாருக்கும் பாட்டி கெடையாது” என்றாள் அக்கா. “கல்யாணமே ஆகல, பேத்தி எங்கேருந்து மொளைச்சா? ஆபீஸ்ல எல்லாருக்கும் நான் ஆவுடையக்கா. ரெண்டாவது, தாழ்ப்பாள் இல்லாத எடத்துல நான் துணிய அவுக்க மாட்டேன். செத்தப்பொறம் அவுத்துக்கோங்க.”

தாழ்ப்பாள். ஆரம்பத்தில் ஜெனிட்டாவுக்கு அது கிழட்டுப் பிடிவாதமாகத்தான் பட்டது. பிறகு ஒரு மத்தியானம் அக்கா தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து, துணிக்கு அடியிலிருந்து ஒரு பித்தளைத் தாழ்ப்பாளையும் திருப்புளியையும் எடுத்துக் காட்டினாள். அக்கா பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தவள். வருஷத்துக்கு ஓர் ஊர் என்று மாற்றிப் போடுவார்கள். தனிப் பொம்பளைக்கு யாரும் நல்ல வீடு கொடுக்கமாட்டார்கள், கிடைக்கிற அறையில் கதவு இருக்கும், தாழ் இருக்காது. இருந்தாலும் ஆடும். போன அன்றைக்கே பையிலிருந்து இதை எடுத்து முடுக்கிவிட்டுத்தான் விளக்கேற்றுவாளாம். “சாத்தான்குளத்துல ஒரு ராத்திரி இது என்ன காப்பாத்திச்சு” என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை. ஜெனிட்டா கேட்கவும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தச் சொல்லப்படாத ராத்திரியும் இவளிடமுள்ள பயங்களோடு வந்து சேர்ந்துகொண்டது. யாருடைய கை, கதவின் அந்தப் பக்கம் நின்று யார் மூச்சு விட்டார்கள், எவ்வளவு நேரம்? இப்போது அவளே கதவின் இந்தப் பக்கம் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறாள். சட்டென்று அது உறைத்து, ஓர் அடி பின்னால் தள்ளி நின்றாள். கான்வென்ட் ஹாஸ்டலில் குளியல் கூடத்துக்குத் தாழ்ப்பாளே கிடையாது. பாதிக் கதவுகள். பிள்ளைகள் பாவாடையை மார்புவரை ஏற்றிக் கட்டிக்கொண்டு குளிப்பார்கள், சிஸ்டர் பிரம்பால் கதவுகளைத் தட்டிக்கொண்டே போவார், டக் டக் டக். அவள் தன் உடம்பை முழுதாகப் பார்த்ததே கல்யாணத்துக்குப் பிறகுதான். அதையும் பிரசவ அறையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எத்தனை பேர் நின்றார்கள் அங்கே? வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள் ஒரு கும்பல், கதவு திறந்து திறந்து மூடியது, ஒருத்தி இன்னொருத்தியிடம் கேன்டீனில் இன்றைக்குப் பிரியாணியா என்று கேட்டாள். வலிக்கு நடுவே ஜெனிட்டா ஒரு போர்வை கேட்டாள். ஆயா சிரித்துவிட்டு, “இங்க வரும்போது வெக்கத்த செருப்போட வாசல்ல விட்டுட்டு வரணும் தாயி” என்றாள். அவளும் நல்லவள்தான். பிறகு அவள்தான் காப்பி வாங்கிக்கொடுத்தாள். எல்லாரும் நல்லவர்களாக இருக்கிற இடத்தில் யாரிடம் போய்ப் போர்வை கேட்பது? அதனால்தானோ என்னவோ, இவள் அக்காவுக்காகத் தாழ்ப்பாள் கேட்கப் போய், எட்வின் சார் “சரிம்மா, அவங்களுக்கு மட்டும் தாழ்ப்பாள் போட்டுக் குடுக்கேன், ஆனா ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நீ பதில் சொல்லுவியா?” என்று கேட்டபோது, வாய் முந்திக்கொண்டு “சொல்லுதேன் சார்” என்றுவிட்டது. சொன்ன மறுநிமிஷமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். பதில் சொல்வது என்றால் என்ன? ஸ்டேஷன் பெஞ்சில் உட்காருவதா? பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது?

அந்தப் பயத்தில்தான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். ஆசாரி வந்து அக்காவின் பித்தளைத் தாழ்ப்பாளைப் பொருத்தும்போது, அக்கா அந்தப் பக்கம் மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, குரலைத் தாழ்த்தி, “அண்ணாச்சி, குட்டை ஸ்குரூவா போட்டிருங்க” என்றாள். ஆசாரி நிமிர்ந்து பார்த்தார். “குட்டைன்னா ஒரு இடிக்குத் தாங்காதேம்மா.” “அதுக்குத்தான்.” அவருக்குப் புரிந்துவிட்டது, வேறெதுவும் சொல்லாமல் முடுக்கினார். பார்த்தால் தாழ்ப்பாள், பளபளவென்று, இழுத்தால் கரகரவென்று போய் டக்கென்று உட்காரும். ஆனால் தோளால் ஓங்கி ஓர் இடி இடித்தால் சட்டத்தோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கடப்பாரை வேண்டாம். இது நல்லதுதானே? புத்திசாலித்தனம்தானே? அக்காவுக்குத் தாழ்ப்பாளும் ஆச்சு, இவளுக்கு நிம்மதியும் ஆச்சு. நிம்மதி மட்டும் வரவேயில்லை. ஒவ்வொரு காலையும் அந்த டக் சத்தம் கேட்கும்போது, பொம்மைத் தாழ்ப்பாளை நம்பி ஒரு பொம்பளை உள்ளே துணியை அவிழ்க்கிறாள் என்று நெஞ்சு குறுகுறுக்கும். குறுகுறுப்பு ஒரு பக்கம், இன்னும் குட்டையாகப் போட்டிருக்கலாமோ என்ற பயம் ஒரு பக்கம். வராந்தாவில் பேச்சியின் குரல் யாரையோ அதட்டிக்கொண்டு போனது, “வாயத் தொறங்க, ஆ, ஆன்னு சொல்லுங்க.” இட்லித் தட்டுகளின் சத்தம். ஜோவின் இந்நேரம் இட்லி தின்றிருப்பான். மாமியார் ஊட்டுவாள். பெரிய துண்டாகப் பிட்டுவிடுவாளே, தொண்டையில் சிக்கினால்? போன் பண்ணலாமா? இப்போதுதானே பண்ணினாள். “ஏம்மா, நான் நாலு பெத்தவ” என்று மாமியார் சொன்னதும் வைத்துவிட்டாள். நாலு பெற்று மூன்றை வளர்த்தவள். அந்த நாலாவது எப்படிப் போனது என்று யாரும் பேசுவதில்லை. உள்ளே மக் முங்கியது, விழுந்தது, முங்கியது, விழுந்தது. வேகமாக ஊற்றுகிறாள், சீயக்காய் போக அலசுகிறாள். முடியப் போகிறது. குழாய் நின்றது. மாதாவே, இனி துவட்டுவதும் உடுத்துவதும்தான். கொஞ்சம் மௌனம் வரும், அது எல்லா நாளும் வருகிற மௌனம், அதற்குப் பயப்படக் கூடாது.

முதலில் முக்காலி சறுக்கிய சத்தம். பிறகு மக் விழுந்து உருண்டது. அதற்குப் பின்னால் ஒரு சத்தம், பெரிதாகக்கூட இல்லை, ஈரமூட்டையை இறக்கி வைத்ததுபோல.

“அக்கா!”

அக்கா போட்ட சட்டமெல்லாம் போய்விட்டது. கை கதவில் இருந்தது, தோள் கதவில் இருந்தது. ஒரே ஓர் இடி போதும். “அக்கா! அக்கா!” உள்ளே வாளியின் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. இடிக்கப் போனாள். அப்போது உள்ளேயிருந்து மூச்சு வாங்கிக்கொண்டு, ஆனால் நிதானமாக, “கத்தாதட்டி” என்று வந்தது. “விழுந்துட்டேன், அவ்வளவுதான். உள்ள வராத.” ஜெனிட்டா அப்படியே சரிந்து கதவோரம் தரையில் உட்கார்ந்தாள், அடியிடுக்குப் பக்கம் வாயை வைத்து, “எங்கக்கா அடி? தலையில பட்டுதா?” “தலையில படல. சுவரோரமா கெடக்கேன்.” “இடுப்பு? கால அசைக்க முடியுதா?” உள்ளே வாளி தரையில் உரசியது. “எல்லாம் அசையுது.” “நான் கதவை...” “இடிச்சிராத.” குரல் திடீரென்று கூர்மையாகிவிட்டது. “நீ குட்டை ஸ்குரூ போட்டிருக்கன்னு எனக்குத் தெரியும். போட்ட மறுநாளே திருப்புளி வச்சுக் கழத்திப் பாத்துட்டேன். எங்கிட்டயேவா?” ஜெனிட்டாவுக்குக் கன்னத்தில் அறைந்ததுபோல் சூடு ஏறியது. தெரிந்துமா? தெரிந்தும் இத்தனை நாள் அதைப் போட்டுக்கொண்டு... “அப்போ ஏங்க்கா நீளமா மாத்திக்கிடல?” உள்ளே ஈரத்தில் ஏதோ நகர்ந்தது. “எனக்கும் சாக ஆசையில்லட்டி. ஆனா கதவு எனக்கு வேணும். அதான் நீ நிப்பன்னு விட்டுட்டேன். இப்ப நில்லு. நான் ஒண்ணுமில்லாம கெடக்கேன். உடுத்திக்கிடுதேன். உடுத்திட்டுக் கூப்பிடுதேன். அதுவரைக்கும் ஒருத்தரும் வரக் கூடாது.” “சத்தியமா வலி இல்லையா?” “சத்தியம் பண்ணக் கூடாதுன்னு உங்க பைபிள்லயே போட்டிருக்குல்லா” என்றாள் அக்கா. இந்த நிலைமையிலும். 

சப். உள்ளே சுவரில் ஏதோ அடித்தது. மறுபடி சப். ஈரமான எதையோ வீசுகிற சத்தம். என்ன செய்கிறாள்? சப். பிறகு மூச்சு. நீண்ட, பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்கிற மூச்சு. இந்த மூச்சு ஜெனிட்டாவுக்குத் தெரியும், பிரசவ அறையில் அவளே இப்படி இழுத்திருக்கிறாள். வலி இல்லை என்கிறவள் ஏன் இப்படி இழுக்கிறாள்? சப். திடீரென்று புரிந்துவிட்டது. நைட்டி ஆணியில் தொங்குகிறது. கிடக்கிறவளுக்கு எட்டாது. துண்டை வீசி வீசி அதைத் தட்டிவிடப் பார்க்கிறாள். ஐயோ, உள்ளே போய் அதை எடுத்துக் கையில் கொடுக்க ஒரு நொடி ஆகுமா? ஒரு நொடி. கண்ணை மூடிக்கொண்டே போகலாம். கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். “அக்கா, நான் கண்ணை மூடிக்கிட்டு வாரேன்.” “வேண்டாம்.” தலையில் அடிபட்டு மறைக்கிறாளோ? உள்ளுக்குள் ரத்தம் கசிந்தால்? நேரம் போகப் போக ஆபத்து என்று படித்திருக்கிறாளே. இவள் நிற்பது நல்லதா, கெட்டதா? நாளைக்கு யாராவது கேட்டால்? நீ அங்கேதானே நின்றாய், ஒரு இடி இடிக்க வேண்டியதுதானே, அதற்கென்றுதானே குட்டை ஸ்குரூ போட்டாய் என்று கேட்டால்? பெஞ்சு. பிள்ளை. ஆஸ்பத்திரி. அக்காதான் நிற்கச் சொன்னாள் என்று சொல்வாளா? வயதானவர்கள் ஆயிரம் சொல்வார்கள், உனக்கு அறிவு எங்கே போச்சு என்பார்கள். அறிவு எங்கேதான் போச்சு? சப். சப். அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பித்தாள், பாதியில் எது அடுத்த வரி என்று மறந்துவிட்டது. சின்ன வயதிலிருந்து சொல்கிற ஜெபம் மறந்துபோனது அதைவிடப் பெரிய பயமாக இருந்தது. மறுபடி முதலிலிருந்து. சப். இந்தத் தடவை சத்தத்தோடு கூடவே துணி சரசரவென்று விழுந்தது.

“ஏளா, என்ன தரையில உக்காந்திருக்க?” பேச்சியம்மாள் இட்லித் தட்டோடு அறை வாசலில் நின்றாள். ஜெனிட்டாவின் முகத்தைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், தட்டை அப்படியே கட்டில்மேல் போட்டாள். “விழுந்துட்டாவளா? அட பாவி மட்டி, பாத்துக்கிட்டு உக்காந்திருக்கியே, தள்ளு!” அந்தப் பெரிய கைகளோடு வந்தாள். ஜெனிட்டா எழுந்தாள். எப்படி எழுந்தாள் என்று தெரியவில்லை, முதுகு கதவில் ஒட்டியிருந்தது, இரண்டு கையும் நிலையைப் பிடித்திருந்தன. “உடுத்துதாவ. உடுத்தி முடிச்சுக் கூப்பிடுவாவ.” “என்னது உடுத்துதாவளா? உசுரு போற நேரத்துல என்ன அலங்காரம்? தள்ளுங்கேன்.” “மாட்டேன்.” “ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா? எஸ்தரம்மா கதை தெரியும்லா?” “தெரியும்க்கா.” தெரியும், அதனால்தான். ஆனால் அதை எப்படிச் சொல்வது, சொன்னால் வாய் குழறும். பேச்சி அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். பேச்சி இழுத்தால் யாரும் வந்துவிடுவார்கள். ஆனால் ஜெனிட்டா வரவில்லை. நிலையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “சார்! சார்!” என்று பேச்சி வராந்தாவுக்கு ஓடினாள். இப்போது எட்வின் சார் வருவார். டிரைவரும் வாட்ச்மேனும் வருவார்கள். வராந்தாவில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும் சத்தம் கேட்டது. “என்னாச்சு? யாரு?” முகங்கள். முதுகுக்குப் பின்னால், பலகை ஒன்றுக்கு அந்தப் பக்கம், மூச்சு. இழுத்து, நிறுத்தி, இழுத்து. தலை வழியாக மாட்டுகிறாள். கை நுழைகிறது. இன்னொரு கை. கீழே இழுக்க வேண்டும், அதற்கு இடுப்பைத் தூக்க வேண்டும். அந்த இடத்தில்தான் அக்கா முதல்முறையாக வாய்விட்டு “அம்மா” என்றாள். அந்தச் சத்தம் ஜெனிட்டாவின் முதுகெலும்பில் நேராக இறங்கியது. இடித்துவிடு. இதோ இப்போதே திரும்பி இடித்துவிடு. பேரைச் சொல்லிக் கூப்பிடவில்லையே, என்னைக் கூப்பிடவில்லையே. அம்மாவைத்தானே கூப்பிட்டாள்.

“ஜெனிட்டா, நகரு.” எட்வின் சார் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார், முகம் வெளுத்திருந்தது. அந்த முகத்தில் ஸ்டேஷன் பெஞ்சு அப்படியே இருந்தது. அவருக்குப் பின்னால் வாட்ச்மேன். “சார், ஒரு நிமிஷம். அவங்க கூப்பிடுவாங்க.” “யாரு கேட்டா உங்கிட்ட? நகரும்மா. நீ நகரலன்னா இன்னிக்கே உன் கணக்கை முடிச்சிருவேன்.” “முடிச்சிருங்க சார்” என்றாள். பிறகு அவரைப் பார்க்காமல், அவருக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து, “அண்ணாச்சி, நீங்க வெளிய நில்லுங்க” என்றாள். வாட்ச்மேன் எட்வின் சாரைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். அப்போதுதான் உள்ளிருந்து குரல் வந்தது. மெலிந்து, தூரத்திலிருந்து வருவதுபோல. “ஜெனிட்டா.” “அக்கா.” “முடிஞ்சுது. இப்ப இடி.”

ஒரே இடிதான். கதவு படீரென்று திறந்து சுவரில் மோதியது. உள்ளே ஆவி, சீயக்காய், எண்ணெய். சுவரோரம் அக்கா கிடந்தாள். நீலப் பூப்போட்ட நைட்டி, கழுத்திலிருந்து ஒரு பித்தான் விடாமல் போட்டிருந்தாள், கீழே கணுக்கால்வரை இழுத்துவிட்டிருந்தாள். முகம் சாம்பலாகியிருந்தது, உதட்டைக் கடித்த இடத்தில் ரத்தம். ஜெனிட்டா பக்கத்தில் மண்டியிட்டபோதுதான் கால்களைப் பார்த்தாள். இடது பாதம் நேராக இருந்தது. வலது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிச் சாய்ந்து, மற்றதைவிடக் குட்டையாக, யாருடையதோபோல் கிடந்தது. இடுப்பு முறிந்தால் கால் இப்படித்தான் கிடக்கும், படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். எல்லாம் அசையுது என்றாளே. சத்தியம் பண்ணக் கூடாது என்றாளே. முறிந்த எலும்போடு துண்டை வீசி, முறிந்த எலும்போடு இடுப்பைத் தூக்கி. தான் நின்றது, தடுத்தது, அந்த மூச்சுகள் அத்தனையையும் முதுகால் கேட்டுக்கொண்டே நின்றது. ஜெனிட்டா அந்தப் பாதத்தைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டாள். “எவ்வளவு நேரமா இப்படிக் கெடக்காங்க?” என்று எட்வின் சார் கேட்டார், கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “நீ எவ்வளவு நேரம் நின்னே?” அவள் வாயைத் திறந்தாள். “உடுத்தி முடிக்கிற வரைக்கும்” என்று அக்காதான் சொன்னாள், கண்ணை மூடிக்கொண்டே. “நான் நிக்கச் சொன்னேன். அவ நின்னா. வேற என்ன தெரியணும் உங்களுக்கு? வண்டிய வரச்சொல்லுங்க.”

வண்டி வந்துகொண்டிருந்தது. அசைக்கலாமா என்று எட்வின் சார் போனில் யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார், பேச்சியம்மாள் வராந்தாவில் நின்றுகொண்டு அழுகையோடு எல்லாக் கதவுகளையும் சாத்தச் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தாள். ஜெனிட்டா உருண்டு கிடந்த மக்கை எடுத்து வாளிக்குள் போட்டாள். சரியா செய்தேனா, தப்பா செய்தேனா, இந்தக் கால் இனி நடக்குமா, நடக்காவிட்டால் அதற்கு யார், அந்தக் கேள்வி சுற்றிச் சுற்றி வந்து அதே இடத்தில் முட்டியது. இனி அது போகாது என்றும் தெரிந்தது, பிள்ளையின் மூச்சைப் போல ஒவ்வொரு நாளும் தொட்டுப் பார்க்க வேண்டிய ஒன்றாக அது இருந்துவிடும். அக்கா கண்ணைத் திறந்தாள். ஈரத் தலைமுடி தரையோடு ஒட்டிக் கிடந்தது, அதிலிருந்து தண்ணீர் கழுத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

“குளிருதுட்டி” என்றாள். “தலையத் துவட்டி விடு.”

ஜெனிட்டா துண்டைப் பிழிந்தாள். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் கையை நிறுத்தினாள். “நெத்தியிலேருந்தா அக்கா, பின்னாலேருந்தா?” என்று கேட்டாள்.

“முன்னாலேருந்து” என்றாள் அக்கா. “மெதுவா.”